ஜூலை மாதத்துத் திராட்சைத் தோட்டம்

சேதுமாதவன் யாரையும் லேசில் பாராட்டிவிடுகிறவர் இல்லை. மஸ்கட்டில், ரூவியில் இருக்கும் ஒரு கட்டுமானப் பொருள் கம்பெனியில் பர்சேஸ் மேனேஜர். டைல்ஸ் வந்தால் லாரிக்காரர்கள் மேல் பெட்டியைத் திறந்து காட்டுவார்கள்; இவர் அடிப் பெட்டியைத் திறக்கச் சொல்வார். முழுக்கப் பார்க்காத சரக்குக்குக் கையெழுத்துப் போட்டதே கிடையாது. இந்தப் பழக்கம் நாளடைவில் வீட்டுக்குள்ளும் வந்துவிட்டது. சாம்பார் எப்படி என்று கேட்டால், "இன்னும் ரசம் ஊத்தலையே" என்பார். அவருடைய மனைவி ஜெயலட்சுமி கல்யாணமான புதிதில் இதற்கு வருத்தப்பட்டாள். அப்புறம் கேட்பதையே விட்டுவிட்டாள்.

ஜெயலட்சுமிக்கு அதே ரூவியில் ஒரு பாலிகிளினிக்கில் வேலை. எக்ஸ்ரே டெக்னீஷியன். சாரத்திலிருந்து விழுந்தவர்கள், கதவில் விரல் நசுங்கியவர்கள், விசா மெடிக்கலுக்கு நெஞ்சுப் படம் எடுக்க வந்தவர்கள் என்று காலையிலிருந்து வரிசை நிற்கும். மூச்சை இழுங்க, அடக்குங்க, விடுங்க என்பதைத் தமிழ், மலையாளம், இந்தி, வங்காளம், அரபி என எல்லாவற்றிலும் சொல்வாள். வருகிறவர்களின் முகம் அவளுக்கு ஞாபகம் இருப்பதில்லை. எலும்பு ஞாபகம் இருக்கும். ரூவி பஸ் ஸ்டாண்டில் யாராவது வணக்கம் வைத்தால், அவர்கள் போன பிறகு, "இடது முழங்கை" என்பாள்.

மஸ்கட் வந்து இருபது வருஷத்துக்கு மேல் ஆகிவிட்டது. அத்தனை லீவும் பாளையங்கோட்டையில்தான். வளைகுடாவில் இருக்கும் நம்மவர்களுக்கு லீவு என்பது ஓய்வு இல்லை, இன்னொரு டூட்டி. போகும்போது பெட்டி முழுக்க மற்றவர்களுடைய சாமான். தன் துணி ஒரு மூலையில் கிடக்கும். போய் இறங்கினால் தவறவிட்ட கல்யாணங்களுக்கு வீடு வீடாகப் போய்த் தலைகாட்ட வேண்டும். யார் வீட்டுக்கு முதலில் போனோம் என்பதில் ஒரு வருத்தம் வரும். பல் வைத்தியர், பேங்க், வீட்டுவரி என்று எஞ்சிய நாளும் ஓடிவிடும். திரும்பும்போது ஊறுகாய் பாட்டில் உடையாமல் வந்தால் அந்த லீவு நல்ல லீவு.

போன வருஷக் கடைசியில் மணிக்கட்டு முறிந்து ஒரு பெண் கிளினிக்குக்கு வந்தாள். பெயர் கிராசியேலா. அர்ஜென்டினாக்காரி; புருஷன் எண்ணெய்க் கம்பெனியில் இன்ஜினியர். படம் எடுத்து முடித்துக் காத்திருந்த நேரத்தில், நல்ல கையால் போனைத் திறந்து தன் ஊரைக் காட்டினாள். மெண்டோசா பக்கம், ஆண்டிஸ் மலைக்குக் கீழே ஒரு பள்ளத்தாக்கு. பின்னால் பனி மூடிய மலை. முன்னால் கண்ணுக்கு எட்டிய தூரம்வரை பச்சை. அதில் கறுத்துத் தொங்கும் ஒயின் திராட்சை. அண்ணன் ராமிரோவுக்கு அங்கே ஒரு சின்னத் தோட்டம் இருக்கிறது, வருகிறவர்களுக்கு ஓர் அறையும் விடுகிறான் என்றாள். அந்தப் படங்களை ஜெயலட்சுமியின் போனுக்கு அனுப்பியும் வைத்தாள். சில வாரங்களில் அவள் புருஷனுக்கு வேறு நாட்டுக்கு மாற்றல் வந்து, குடும்பம் போய்விட்டது. படங்கள் ஜெயலட்சுமியிடம் தங்கிவிட்டன.

ஒருநாள் சாப்பாட்டு மேஜையில் சொன்னாள். "இந்த வருஷ லீவுக்கு நாம அர்ஜென்டினா போறோம். ஆளுக்கு ஒரு முதுகுப் பை. அவ்வளவுதான்."

"அங்க யாரு இருக்கா?" என்றார் சேதுமாதவன்.

"யாரும் இல்ல. அதான் போகணும்."

மகள் சம்யுக்தாவுக்குப் பதினான்கு வயது. கரண்டியைக் கீழே வைத்துவிட்டு, "அம்மா, ஆர் யூ ஓகே?" என்று கேட்டாள்.

பாளையங்கோட்டையில் இருக்கும் சேதுமாதவனின் அக்கா நாகவள்ளிக்கு விஷயம் போனதும் அன்றைக்கே போன் வந்தது. "ஏ சேது, ஒயினு காய்ச்சுத ஊருக்கா வயசுப் பிள்ளையைக் கூட்டிட்டுப் போறிய? அவ சொன்னா உனக்குப் புத்தி எங்க போச்சு? இங்க நாங்கல்லாம் வாசலைப் பாத்துட்டு உக்காந்திருக்கோம்." ஸ்பீக்கரில் இருந்தது. ஜெயலட்சுமி கேட்டுக்கொண்டிருந்தாள்.

போனை வைத்த பிறகு அவள் ஓர் ஒப்பந்தம் பேசினாள். "ஒரே ஒரு தடவை. இது நல்லா இல்லைன்னா, இனிமே ஆயுசுக்கும் லீவுன்னா பாளையங்கோட்டைதான். நான் வாயைத் திறக்கமாட்டேன். நல்லா இருந்துச்சா இல்லையாங்கறதை நீங்களே சொல்லுங்க."

உலகத்திலேயே நல்லது என்ற வார்த்தை வாயில் வராத மனிதரை நீதிபதியாக வைக்கிறாளே என்று சேதுமாதவனுக்கே ஆச்சரியமாக இருந்தது. சரி என்றார்.

ஜனவரியிலேயே டிக்கெட் போட்டாள், ஜூலை மாதத்துக்கு. வேறு மாதம் அவள் மனதில் வரவே இல்லை. வளைகுடாவில் லீவு என்றால் ஜூலை, ஆகஸ்ட். ஸ்கூல் மூடும், வெயில் ஆளை அடிக்கும், ஊரே காலியாகும். அந்த வெயிலிலிருந்து எங்கேயாவது தப்பிப்போக வேண்டும் என்பது மட்டும்தான் கணக்கு. ஜூலையில் உலகத்தில் எங்கோ குளிரும் என்பது ரூவியில் இருக்கும் எந்த மனிதருக்கும் தோன்றாது. ராமிரோவுக்கும் சந்தேகம் வரவில்லை. ஜூலையில் வருகிறவர்கள் பனி பார்க்க வருகிறார்கள் என்று எண்ணி அறையைப் பதிவு செய்துகொண்டான்.

கிளம்புவதற்குச் சில நாள் முன்பு சம்யுக்தா அந்த ஊரைப் போனில் போட்டு வெயில் எவ்வளவு என்று பார்த்தாள். "மைனஸ் டூ" என்றாள். கொஞ்சம் கழித்து, "அப்பா, அங்க இப்போ விண்டர். திராட்சை பறிக்கிறது மார்ச்ல. இப்போ செடில இலைகூட இருக்காது. சதர்ன் ஹெமிஸ்பியர். நான் ஃபோர்த் ஸ்டாண்டர்ட்லயே படிச்சேன்" என்றாள்.

"ஜனவரியிலயே சொல்லவேண்டியதுதானே?"

"யாரும் என்னைக் கேக்கலையே."

டிக்கெட்டை ரத்து செய்தால் எதுவும் திரும்பி வராது. ஜெயலட்சுமி சமையலறைக்குள் போனாள். நெடுநேரம் சத்தமே இல்லை. அழுகிறாள் என்று நினைத்து சேதுமாதவன் வாசலில் போய் நின்றார். அவள் அழவில்லை. காய் நறுக்கிக்கொண்டிருந்தாள். தலை நிமிராமல், "ஸ்வெட்டர் எங்க கிடைக்கும்?" என்று கேட்டாள்.

ரூவி கடைத்தெருவில் கீழக்கரைக்காரர் சாதிக் பாட்ஷாவின் துணிக்கடைக்குப் போனார்கள். வெளியே தார் இளகிக்கொண்டிருந்தது.

"ஸ்வெட்டரா?" என்றார் சாதிக் பாட்ஷா. "மேடம், வெளிய நாப்பத்தாறு டிகிரி. உடம்புக்கு ஏதும் முடியலையா?"

"லீவுக்குப் போறோம் பாய்."

"திருநெல்வேலில எப்ப இருந்து பனி விழுது?"

விஷயத்தைச் சொன்னதும் அவர் சிரித்து முடிக்கக் கொஞ்ச நேரம் ஆனது. பிறகு தானே குடோனுக்குள் போய், போன குளிர்காலத்தில் விற்காமல் நின்ற ஜாக்கெட்டுகளைத் தூசி தட்டி எடுத்துவந்தார். சேதுமாதவனுக்கு அளவாக இருந்தது ஊதா நிறத்தில் ஒன்றுதான். மூன்று குரங்குக் குல்லாவையும் மேலே வைத்தார். "கிழியாம, கறை படாம கொண்டுவந்தா திருப்பி எடுத்துக்கிறேன். வேற எவனாவது உங்களை மாதிரி கிளம்புவான்" என்றார்.

மஸ்கட் விமான நிலையத்தில் சேதுமாதவனுக்கு ஒரு விநோதம் நடந்தது. முதுகில் ஒரு பை. கைகள் இரண்டும் சும்மா இருந்தன. யாருக்கும் சேர வேண்டிய எதுவும் அந்தப் பையில் இல்லை. கயிறு கட்டிய அட்டைப்பெட்டி இல்லாமல் கவுண்டரில் நின்றது அதுதான் முதல் தடவை. எதையோ மறந்துவிட்டு வந்தது போலவே இருந்தது. ஜெயலட்சுமியைப் பார்த்தார். அவள் பை வாரை இழுத்துச் சரிசெய்துகொண்டு முன்னால் போய்க்கொண்டிருந்தாள்.

துபாய், ப்யூனஸ் அயர்ஸ், மெண்டோசா, அங்கிருந்து துபுங்காத்தோ என்ற ஊருக்கு பஸ். பஸ் இறக்கிவிட்ட இடத்திலிருந்து நடை. இருபுறமும் மொட்டையாக நின்ற நெட்டை மரங்கள். சாலையோர வாய்க்காலில் தண்ணீர் இல்லை. குளிர்காலத்தில் தூர் வாருவதற்காக அடைத்துவிடுவார்களாம். மலை மட்டும் படத்தில் பார்த்த மாதிரியே பெரிதாக, வெள்ளையாக நின்றது. மற்றபடி மண், கம்பி, கம்பியைப் பிடித்துக்கொண்டு வரிசை வரிசையாகக் கறுத்த குச்சிகள்.

"கிரேவ்யார்ட் மாதிரி இருக்கு" என்றாள் சம்யுக்தா.

ஜெயலட்சுமி நடந்துகொண்டே இருந்தாள். அவளுக்கு முழங்கால் வலி உண்டு. ஆனாலும் பையை யாரிடமும் கொடுக்கவில்லை. குரங்குக் குல்லாவுக்குள் அவள் முகம் சின்னதாகத் தெரிந்தது. சேதுமாதவனுக்குப் பாவமாக இருந்தது. கூடவே, தீர்ப்பு சொல்லும் வேலை சுலபமாகிவிட்டது என்றும் தோன்றியது. அந்த இரண்டாவது எண்ணம் அவருக்கே பிடிக்கவில்லை.

அன்று சாயங்காலம் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் நாகவள்ளியின் குரல் வந்தது. "ஏ ஜெயா, போய்ச் சேந்தாச்சா? திராட்சைத் தோட்டத்தைப் போட்டோ எடுத்துப் போடு. எல்லாரும் பாக்கணும்ங்காங்க."

அறையில் விறகு அடுப்பு எரிந்துகொண்டிருந்தது. மூவரும் அதைச் சுற்றி உட்கார்ந்திருந்தார்கள்.

"அம்மா, சிம்பிள்" என்றாள் சம்யுக்தா. "அந்த ஆன்ட்டி அனுப்பின போட்டோஸ் இருக்குல்ல? அதே ஊர், அதே தோட்டம். அதைப் போட்டுடு. யாருக்குத் தெரியும்?"

சேதுமாதவன் யோசித்தார். பொய் என்றும் சொல்லிவிட முடியாது. தோட்டம் இதுதான், மாதம்தான் வேறு. அக்காவின் வாயை அடைக்க இதைவிட நல்ல வழி இல்லை. "போட்டுடேன் ஜெயா. எதுக்கு வம்பு" என்றார்.

"நீங்களா சொல்லுதிய?" என்று அவரைப் பார்த்தாள். "அடிப் பெட்டியைத் திறக்கிற ஆளு."

அவள் எழுந்து, ஜாக்கெட்டை மாட்டிக்கொண்டு வெளியே போனாள். வெளிச்சம் இன்னும் மிச்சம் இருந்தது. கண்ணாடி வழியாக அவள் குச்சிகளுக்கு முன்னால் குனிந்து படம் எடுப்பதை சேதுமாதவன் பார்த்தார். கொஞ்ச நேரத்தில் அவர் போனும் மகள் போனும் ஒன்றாகச் சிணுங்கின. ஒரே ஒரு படம். அதற்குக் கீழே எழுதியிருந்தாள்: "இங்கே இப்போது குளிர்காலம். திராட்சை இல்லை, இலையும் இல்லை. மாசத்தைப் பார்க்காமல் நான்தான் டிக்கெட் போட்டுவிட்டேன்."

சிரிப்புப் பொம்மைகள் வரிசையாக வந்து விழுந்தன. நாகவள்ளி வாயால் சிரித்தே அனுப்பினாள். "இந்தக் குச்சியைப் பாக்கவா இம்புட்டுத் தூரம் பிளேன் ஏறுனிய? நம்ம கொல்லையில முருங்கை இதைவிட நல்லா நிக்கே."

ஜெயலட்சுமி அதைக் கேட்டுவிட்டு, "சரியாத்தான் சொல்லுதாங்க" என்று போனைக் கவிழ்த்து வைத்தாள். அடுப்பில் கை காட்டிக் குளிர் காய்ந்தாள். சேதுமாதவனுக்கு அன்று தூக்கம் சரியாக வரவில்லை. தவறு செய்யாதவர்களை அவர் நிறையப் பார்த்திருக்கிறார். அதில் பாதிப் பேர் எதுவுமே செய்யாதவர்கள். தவறைச் செய்துவிட்டு அதைப் பத்திரமாக மூடி வைத்தவர்களையும் பார்த்திருக்கிறார், தொழில் அப்படி. இவள் அதை எடுத்து நடுக்கூடத்தில் வைத்துவிட்டு அடுப்பில் கை காட்டிக்கொண்டிருந்தாள். அதைத் துணிச்சல் என்று சொல்ல அவர் அவசரப்படவில்லை. அலுப்பாகவும் இருக்கலாம் என்று நினைத்துக்கொண்டார்.

காலையில் எழுந்தபோது அவள் பக்கத்தில் இல்லை. தோட்டத்தில் இருந்தாள். ராமிரோ கொடிகளைக் கவாத்து செய்துகொண்டிருந்தான். நாற்பது வயதிருக்கும், சுற்றுலாக்காரர்களிடம் பேசிப் பழகிய ஆங்கிலம். குளிர்காலத்தில்தான் வெட்டுவார்களாம். போன வருஷம் நீண்டு வளர்ந்த குச்சியில் இரண்டு கணுவை மட்டும் விட்டுவிட்டு, மற்றதைக் கத்தரிக்க வேண்டும். அந்த இரண்டு கணுவிலிருந்துதான் அடுத்த காய்ப்பு.

ஜெயலட்சுமி அவனுக்கு இரண்டடி தள்ளி, கிளினிக்கில் திரைமுன் நிற்பதுபோலத் தலையைச் சாய்த்துக்கொண்டு நின்றாள்.

"என்ன பாக்கே?" என்றார் சேதுமாதவன்.

"எக்ஸ்ரே மாதிரி இருக்குங்க. இலை இருந்தா இதெல்லாம் தெரியவே தெரியாது." ஒரு தண்டைக் காட்டினாள். அடியில் கோணலாகத் திரும்பி, அதன்பிறகு நேராக ஏறியிருந்தது. "இது ஒருதடவை முறிஞ்சு, தானாக் கூடியிருக்கு."

அதையே ராமிரோவிடம் ஆங்கிலத்தில் கேட்டாள். அவன் கத்தரிப்பதை நிறுத்தினான். "என் அப்பா புது டிராக்டர் வாங்கியபோது இடித்தது. பிடுங்கிவிடலாம் என்றேன். அவர் விடவில்லை" என்றான்.

அவளுக்கு உற்சாகம் வந்துவிட்டது. அடுத்த வரிசையில் ஒரு தண்டின் முண்டைக் காட்டி, இதுவும் முறிவுதானே என்றாள். அதற்கடுத்ததிலும் அதே முண்டு. அதற்கடுத்ததிலும். ராமிரோ சிரித்தான். "இல்லை. அது ஒட்டுப்போட்ட இடம். இந்த வரிசை முழுக்க அப்படித்தான் இருக்கும்."

"அப்ப நான் நல்லா இருக்கிற ஆளுக்குக் கட்டுப் போடப் பாத்தேன்" என்று அவளும் சிரித்தாள். மஸ்கட்டை விட்டுக் கிளம்பிய பிறகு அவள் சிரித்தது அப்போதுதான்.

ராமிரோவிடம் கத்தரி கேட்டு வாங்கினாள். முதல் கொடியில் எங்கே வெட்டுவது என்று முடிவு செய்ய அவளுக்கு நெடுநேரம் ஆனது. ராமிரோ அவசரப்படுத்தவில்லை. மத்தியானத்துக்குள் கை பழகிவிட்டது. சம்யுக்தா முதலில் போனில் படம் பிடித்தாள். பிறகு போனைப் பைக்குள் போட்டுவிட்டு இன்னொரு கத்தரி கேட்டாள். சேதுமாதவன் ஊதா ஜாக்கெட்டின் பைகளில் கை விட்டபடி வரிசை முடிவில் நின்றார். கொஞ்ச நேரத்தில் அவருக்கே கூச்சமாக இருந்தது. குனிந்து, வெட்டிப்போட்ட குச்சிகளைப் பொறுக்கிக் கட்ட ஆரம்பித்தார்.

"சாப், ஜல்தி" என்றாள் மனைவி, கட்டுமான சைட்டில் போர்மேன்கள் ஆளை விரட்டுகிற குரலில்.

சாயங்காலம் அந்தக் குச்சிகளையே எரித்து, தணலில் உருளைக்கிழங்கும் பூசணியும் சுட்டுத் தின்றார்கள். ராமிரோ தன் தோட்டத்து ஒயினை ஊற்றினான். சேதுமாதவன் ஒரு கோப்பை குடித்தார். ஜெயலட்சுமி ஒரு வாய் குடித்துவிட்டு, "வாசனைக்கு இருக்கிற பவிசு ருசிக்கு இல்லை" என்றாள். அதையும் ராமிரோவுக்கு மொழிபெயர்த்துச் சொன்னாள். அவன் கோபித்துக்கொள்ளவில்லை, இன்னும் ஒரு வருஷம் பீப்பாயில் இருக்க வேண்டியதுதான் என்றான்.

அடுத்த நாளே வேறு ஊருக்குக் கிளம்புவதாகத் திட்டம். கிளம்பவில்லை. காலையில் கத்தரி, மத்தியானம் பையை மாட்டிக்கொண்டு நடை என்று ஆனது. சுற்றியிருந்த தோட்டங்களில் வேறு விருந்தாளிகளே இல்லை. காவலுக்கு இருந்தவர்களும் கணக்கெழுதுகிறவர்களும் பொழுதுபோகாமல் இருந்தார்கள். இவர்களைக் கண்டால் உட்காரவைத்துப் பேசினார்கள். ஓமானில் திராட்சை உண்டா என்று கேட்டவர்களிடம், மலைமேல் இருக்கிறது, ஆனால் நாங்கள் போய்ப் பார்த்ததில்லை என்று ஜெயலட்சுமி உண்மையைச் சொன்னாள். ஓர் இடத்தில் மேற்பார்வையாளர் ஒருவர் அவளைக் கூட்டிப்போய், ஆலங்கட்டியில் அடிபட்ட பழைய கொடிகளைக் காட்டினார். அவள் தண்டைத் தடவிப் பார்த்துவிட்டு, எப்போது, எந்தப் பக்கத்திலிருந்து என்று கேட்டுக்கொண்டே நடந்தாள். சேதுமாதவன் பின்னால் போனார். இருபது வருஷமாகக் கூடவே இருக்கிற இந்தப் பெண் வேலை செய்து அவர் பார்த்ததே இல்லை. கிளினிக்கில் அவள் அறைக் கதவு எப்போதும் சாத்தியிருக்கும். மேலே சிவப்பு விளக்கு எரியும். கதவு திறந்த மாதிரி இருந்தது அவருக்கு.

கடைசி நாள் துபுங்காத்தோ பஸ் ஸ்டாண்டில் பெஞ்சில் உட்கார்ந்திருந்தார்கள். மலை வெயிலில் மின்னியது. பஸ்ஸுக்கு நேரம் இருந்தது. ஜெயலட்சுமியே பேச்சை எடுத்தாள்.

"பேசினது பேசினதுதான். நான் காட்டறேன்னு சொன்னது திராட்சை. திராட்சை இல்லை. அதனால நீங்க நல்லா இல்லைன்னு சொன்னாலும் நான் ஒண்ணும் நினைக்கமாட்டேன். அடுத்த வருஷத்துல இருந்து பாளையங்கோட்டை."

சம்யுக்தா காதிலிருந்து இயர்போனை எடுத்துவிட்டு அப்பாவைப் பார்த்தாள்.

நன்றாக இருந்தது என்று சொல்ல வாய் வரை வந்தது. ஆனால் அவள் கேட்டது இரக்கம் இல்லை. இரக்கப்பட்டுச் சொன்னால் அவளுக்குத் தெரிந்துவிடும். எக்ஸ்ரே படம் பார்த்துப் பழகிய கண். அந்த நேரம் பார்த்து நாகவள்ளி கூப்பிட்டாள். அவர் ஸ்பீக்கரில் போட்டார்.

"என்ன சேது, குச்சியெல்லாம் பாத்து முடிச்சாச்சா?"

"முடியலக்கா. பாதிதான் பாத்திருக்கோம்."

"பாதியா?"

"எலும்பைப் பாத்தாச்சு. மேல சதை வந்து எப்படி இருக்கும்னு பாக்கணும். மார்ச் கடைசில சம்யுவுக்குப் பரீட்சை முடிஞ்சு ஸ்கூல் கொஞ்ச நாள் லீவு. என் லீவையும் ரெண்டாப் பிரிச்சுக் கேக்கலாம்னு இருக்கேன். ஜூலையில ஊருக்கு வாரோம். மார்ச்ல திரும்ப இங்க வாரோம்."

"இன்னொரு தடவையா? உனக்கென்ன பைத்தியமா?"

"பாதிச் சரக்கைப் பாத்துட்டு நான் என்னைக்குக் கையெழுத்துப் போட்டிருக்கேன்?"

"அவ உன்னைக் கெடுத்துட்டா" என்றாள் நாகவள்ளி. பிறகு சற்று இறங்கிய குரலில், "அந்த முறிஞ்சு கூடுன கொடியைப் போட்டோல பாத்தேன். நேத்து பிள்ளை அனுப்பிச்சா. முறிஞ்சு கூடுன என் காலும் இப்ப அப்படித்தான் இருக்கு. ஜெயாகிட்டச் சொல்லு, வரும்போது என் கால் எக்ஸ்ரேயைக் கொஞ்சம் பாக்கட்டும்" என்றாள்.

"பாக்கேன் மதினி" என்றாள் ஜெயலட்சுமி.

பஸ் வந்தது. அவள் எழுந்து பையை முதுகில் ஏற்றினாள். முழங்கால் ஒருமுறை மடங்கிச் சமாளித்தது. சேதுமாதவன் பையைத் தாங்கக் கை நீட்டினார். அவள் வேண்டாம் என்று தலையை ஆட்டிவிட்டுப் படியில் ஏறினாள். பின்னாலிருந்து பார்க்கும்போது, அவள் ஜாக்கெட்டின் முழங்கை இரண்டும் கொடிக்குச்சி இழுத்து நூல் நூலாகக் கிழிந்திருந்தது தெரிந்தது.

"ஜெயா, சாதிக் பாய் இதைத் திருப்பி எடுக்கமாட்டாரு" என்றார்.

"வேண்டாம்" என்று உள்ளேயிருந்து குரல் வந்தது. "நல்ல ஜாக்கெட்டு."

சேதுமாதவன் தன் ஊதா ஜாக்கெட்டைக் குனிந்து பார்த்துக்கொண்டார். "ஆமா," என்றார், "நல்லாத்தான் இருக்கு."